கடலிற் காத்த நெறி

நிலாவெளிக்கு வடக்கே, களப்பும் கடலும் கூடுமிடத்தில் அமைந்த கடற்றொழிலாளர் கிராமம் இறக்கக்கண்டி. அதற்குத் தெற்கே திருகோணமலைத் துறைமுகம். பெயர்பெற்ற இயற்கைத் துறைமுகம் என்னும் பெருமையே இக்கரைக்கு வினையாகவும் முடிந்தது. பேரரசுகளின் போர் நம் வாசலுக்கு வந்தது அதனாலேயே.

1942 ஏப்ரல் 9ஆம் நாட் காலை யப்பானிய விமானங்கள் அத்துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. முன்னிரவிலேயே அங்கிருந்து வெளியேறியிருந்த ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. உடன்சென்ற அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் ‘வம்பயர்’ அதே கதியை அடைந்தது. முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயினும், கடலில் தத்தளித்த ஏறத்தாழ 600 பேரை ‘வீற்றா’ என்னும் மருத்துவக் கப்பல் மீட்டது. அது தாக்கப்படாமலே தன் பணியை முடித்தது. மருத்துவக் கப்பலைத் தாக்கலாகாது என்பது 1907ஆம் ஆண்டு ஹேக் சமவாயத்தின் விதி.

விதி இருந்தமையால் மட்டுமே உயிர்கள் பிழைத்தன என்று கொள்வது பொருந்தாது. முந்திய ஆண்டு டோப்ருக் அருகே இதே கப்பல் ஜெர்மானியக் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. நம் கடலில் ‘வீற்றா’வைத் தீண்டாத யப்பானியப் படையே, சயாம்–பர்மா இரயிற்பாதையில் மலாயாத் தோட்டத் தமிழரை ஆயிரக்கணக்கிற் பலிகொண்டது. போர்க்கைதிகளைக் காக்க 1929ஆம் ஆண்டுச் சமவாயமேனும் இருந்தது. யப்பான் அதனை உறுதிப்படுத்தவில்லை. ஏழைத் தொழிலாளரைக் காக்கவோ அத்தகைய தனிச் சமவாயம் ஒன்றும் இருக்கவில்லை.

இக்குறையை நிரப்ப எழுந்ததே 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவாச் சமவாயம். போர்க்காலத்திற் குடிமக்களைக் காப்பது அதன் நோக்கம். அவ்வாண்டின் நான்கு சமவாயங்களுக்கும் பொதுவான மூன்றாம் உறுப்புரை உள்நாட்டுப் போருக்கும் உரியது. ஆயுதம் ஏந்தாதவரையும், காயமுற்றவரையும், பிடிபட்டவரையும் கொல்லலாகாதென அது இரு தரப்பாரையும் கட்டுப்படுத்துகின்றது. இலங்கை இச்சமவாயங்களை 1959இல் ஏற்றது. அவற்றை நாட்டில் நடைமுறைப்படுத்துஞ் சட்டம் 2006ஆம் ஆண்டிலேதான் இயற்றப்பட்டது.

அதே ஆண்டு ஓகஸ்ட் 4ஆம் நாள், துறைமுகத்துக்கு எதிர்க்கரையிலுள்ள மூதூரில், ‘பட்டினிக்கெதிரான செயற்பாடு’ என்னும் பிரெஞ்சு நிவாரண நிறுவனத்தின் ஊழியர் பதினேழு பேர் தம் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். நிறுவனத்தின் சின்னம் பொறித்த ஆடையும் அவர்களைக் காக்கவில்லை. விசாரணைகள் நடந்தன; எவரும் தண்டனை பெற்றிலர்.

அன்று அந்நியக் கடற்படையினர் 600 பேரைக் காக்க முடிந்த நெறி, இக்கரையின் மக்களுக்குத் தொண்டுசெய்ய வந்தவரைக் காவாமற் போனதேன்? நெறி பழுதன்று. அதனை மீறியோர் மன்றில் நிறுத்தப்படாமையே பழுது. தண்டனையற்ற குற்றம் அடுத்த குற்றத்துக்கு அனுமதிச்சீட்டாகின்றது. ஆதலின் மூதூருக்கு நீதி கேட்பது பழங்கதையைக் கிளறுவதாகாது. நாளை வரக்கூடிய போரில் நம் பிள்ளைகளைக் காக்கும் முயற்சியே அது. எவ்வினத்தார், எம்மொழியார் மாண்டாலும் ஒரே நீதியைக் கேட்கும் மக்கள் கூட்டமே அச்சமவாயங்களுக்கு உயிரூட்ட வல்லது.