சின்னமுத்து எதனால் வருகிறது? நம் தாய்மார் சொன்ன காரணத்தின் வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

நமுனுகுல பக்கத்துத் தோட்டங்களில் வயதான தாய்மாரிடம், "பிள்ளைக்குச் சின்னமுத்து ஏன் வருது?" என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, "அம்மா பார்த்திருக்கா". மற்றது, "உடம்புச் சூடு". எங்கள் முஸ்லிம் வீடுகளில் முதல் பதில் இல்லை. ஓதிய தண்ணீர் கொடுப்போம். ஆனால் "சூடு" மட்டும் அப்படியே இருக்கிறது. சிங்களத் தாய்மாரும் அம்மை வருத்தங்களை "தெய்யங்கே லெட", அதாவது தெய்வத்தின் நோய் என்பார்கள்.

படிக்காதவர்களின் பேச்சு என்று இதைச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் ஒரு பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அபூபக்கர் அல் ராஸி. பக்தாதில் ஆஸ்பத்திரியை நடத்திய பெரும் வைத்தியர், சுமார் 925இல் காலமானவர். பெரியம்மையையும் சின்னமுத்தையும் தெளிவாகப் பிரித்து ஒரு தனி நூலே எழுதினார். அவர் சொன்ன காரணம் என்ன தெரியுமா? திராட்சைச் சாறு பொங்கிப் புளிப்பதுபோலச் சிறுபிள்ளையின் இரத்தம் பொங்குகிறது, அதனால்தான் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைக்கும் பெரியம்மை வருகிறது என்றார். குளிர்ச்சியானதைக் கொடுக்கச் சொன்னார், கண்ணைக் கவனமாகப் பார்க்கச் சொன்னார். நம் தாய்மார் சொல்லும் "சூடு" அந்தக் காலத்துப் பெரிய வைத்தியமும் சொன்னதுதான்.

சிங்களத்தில் இதற்குப் பெயர் "சரம்ப". அது போர்த்துக்கேயரின் "சரம்போ" என்ற சொல். நோயின் பெயரைத் தந்தவர்களுக்கும் அன்று காரணம் தெரியாது.

காரணத்தின் பக்கம் கிட்டப் போனவர் பீட்டர் பானும் என்ற 25 வயது டென்மார்க் வைத்தியர். 1846இல் பரோ தீவுகளில் இருந்த சுமார் 7,800 பேரில் ஏறக்குறைய 6,000 பேருக்கு இந்த நோய் வந்தது. அவர் ஊர் ஊராகப் போய்க் கணக்கு எடுத்தார். நோயாளியோடு பழகி சுமார் 14 நாட்களில் தடிப்பு வருகிறது என்று கண்டார். 1781இல் அங்கே இதே நோய் வந்துபோயிருந்தது. அப்போது பிடித்த கிழவர்கள் ஒருவருக்கும் 65 வருடம் கழித்தும் மறுபடி வரவில்லை. அப்படியானால் இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவது, ஒருமுறை வந்தால் போதும். வைரஸைப் பிரித்தெடுத்தது 1954இல், எண்டர்ஸும் பீபிள்ஸும். தடுப்பூசி 1963இல் வந்தது. ஆகவே 1950இல் லயத்தில் இருந்த ஒரு தாய்க்கு, அந்தக் கிருமியைப் பிரித்துப் பார்த்தவர் என்று உலகத்தில் ஒருவரையும் காட்டியிருக்க முடியாது.

இப்போது வேப்பிலைக்கு வருவோம். வாசலில் வேப்பிலை செருகினால் அயலார் உள்ளே வரமாட்டார்கள். பிள்ளையைத் தனியாகப் படுக்க வைப்பார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியே விடமாட்டார்கள். தொற்று என்ற சொல் தெரியாமலே செய்த தனிமைப்படுத்தல் அது. ஆனால் சின்னமுத்து தடிப்பு போடுவதற்கு 4 நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். இருமிய காற்றில் 2 மணிநேரம் வரை நிற்கும். ஒட்டி ஒட்டிக் கட்டிய லயக் காம்பராக்களிலும் பிள்ளைக் காம்பராவிலும் வேப்பிலை கட்டுகிற நேரம், பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும்.

அதைவிட மோசமானது பத்தியம். முட்டை, மீன் நிறுத்துவது, "அம்மா கோவிப்பா" என்று மருந்தைத் தள்ளிப்போடுவது. இந்த நோயில் பிள்ளைகள் பெரும்பாலும் சாவது தடிப்பினால் அல்ல, பின்னால் வரும் நிமோனியாவினாலும் வயிற்றோட்டத்தினாலும்தான். விட்டமின் ஏ குறைந்த பிள்ளைக்குப் பார்வையும் போகலாம். ஏற்கெனவே நிறை குறைந்த தோட்டத்துப் பிள்ளையின் தட்டில் இருந்து முட்டையை எடுப்பது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள்.

நம் நாட்டில் 1984இல் சின்னமுத்துத் தடுப்பூசி வழமையான அட்டவணையில் சேர்ந்தது. வேப்பிலை கட்டிய அதே தாய்மார்தான் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்கள். நம்பிக்கையை விட்டுவிட்டுப் போகவில்லை, இரண்டையும் செய்தார்கள். 2019இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. அந்தப் பெருமையில் பெரிய பங்கு அவர்களுக்கு.

ஆனால் 2023இல் அது கொழும்பில் மறுபடி தலைகாட்டிப் பல மாவட்டங்களுக்குப் பரவியது. 2024 ஜனவரியில் விசேட தடுப்பூசித் திட்டமே நடத்த வேண்டியிருந்தது. இன்றைய இளம் தாய்மார் பலர் இந்த நோயைக் கண்ணால் பார்த்ததில்லை. பயம் போய்விட்டது. கைபேசியில் வருகிற வதந்தி அந்த இடத்தைப் பிடிக்கிறது. பாட்டியின் "சூடு" அன்றைய அறிவு. இன்றைய வதந்திக்கு அந்த நியாயம்கூட இல்லை.

பெற்றோரே, இன்றே கிளினிக் கார்டை எடுத்துப் பாருங்கள். 9 மாதத்தில் ஒன்று, 3 வயதில் ஒன்று, இரண்டு எம்.எம்.ஆர். ஊசியும் போட்டிருக்க வேண்டும். ஒன்று விடுபட்டிருந்தால் உங்கள் பகுதி மிட்வைபிடம் சொல்லுங்கள். வேண்டுதலை, துஆவை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஊசியைப் போட்டுவிட்டு வேண்டுங்கள்.