ஆச்சி அரைத்த கடுதாசி

கொஞ்சம் நீளமான பதிவு. மதியச் சாப்பாடு முடித்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்து படித்தாலும் சரிதான்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பெண் போன வாரம் போன் செய்தாள். "டீச்சர், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல காகிதமும் வேற சாமானும் கலந்து ஏதாவது கைவேலை செஞ்சிட்டு வரச் சொல்லிருக்காங்க. போன்ல தேடுனா ஆயிரம் வருது. எல்லாம் ஒண்ணு போலவே இருக்கு. நீங்க ஒரு யோசனை சொல்லுங்க" என்றாள். நான் நடத்தியது வரலாறு, ஓவியம் இல்லை. அதனால் பதிலும் வரலாறாகத்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளம்மா.

காகிதத்தோடு வேறு பொருளைக் கலந்து செய்யும் கைவேலை நம் ஊருக்குப் புதிது இல்லை. ஐம்பது வயது தாண்டியவர்கள் வீட்டுப் பரணை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், கனமே இல்லாமல், தட்டினால் 'டொக் டொக்' என்று சத்தம் வரும் ஒரு பெட்டி இருந்திருக்கும். வத்தல், அப்பளம், மாவு எல்லாம் அதற்குள்தான். பழைய காகிதத்தை அரைத்துச் செய்த பெட்டி அது.

எங்கள் ஆச்சி செய்யும் முறையைச் சொல்கிறேன். வீட்டில் சேர்ந்த காகிதத்தை எல்லாம் கிழித்துப் பானைத் தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போடுவாள். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாறிவிடும். இன்னொரு சட்டியில் வெந்தயம் ஊறும். மூன்றாம் நாள் இரண்டையும் சேர்த்து ஆட்டுரலில் வெண்ணெய் மாதிரி அரைப்பாள். ஓட்டை விழுந்த ஓலைப்பெட்டி, நார் தளர்ந்த சுளகு இவற்றின் உள்ளும் புறமும் அந்த விழுதை அப்பி, கைவிரலால் இடுக்கில் எல்லாம் அழுத்தி மெழுகுவாள். முதலில் நிழலில் காயும், பிறகுதான் வெயில். நேரே வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். புதிதாகப் பெட்டியே வேண்டும் என்றால் குடத்தைக் கவிழ்த்து வைத்து, ஈரத்துணி போர்த்தி, அதன்மேல் அப்பி, காய்ந்ததும் கழற்றி எடுப்பாள்.

வெந்தயம் எதற்கு? அதில் உள்ள கொழகொழப்புதான் காகித நாரைப் பிடித்து வைக்கும் பசை. கசப்பு இருப்பதால் பூச்சி கிட்ட வராது. ஒரே பொருளில் இரண்டு வேலை. ஓலை, நார், காகிதம், வெந்தயம், மேலே பூசக் கொஞ்சம் காவி என்று எத்தனை பொருள் கலந்திருக்கிறது பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு காரணத்தோடு வந்து சேர்ந்தது. அழகுக்காக மட்டும் சேர்ந்தது எதுவும் இல்லை, அந்தக் காவியைத் தவிர. அதுவும் நாள் கிழமைக்குத்தான்.

நம் ஆட்கள் காகிதத்தைக் கடுதாசி என்றார்கள். போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல் அது. காயிதம் என்பது அரபு, பாரசீகம் வழியாக வந்தது. இரண்டு பெயருமே கடல் கடந்தவை. பொருளும் அப்படித்தான். ஓலையில் எழுதிப் பழகிய ஊருக்குக் காகிதம் விருந்தாளியாகத்தான் வந்தது.

நம் ராமநதித் தண்ணீர் கடனாநதியில் சேர்ந்து, திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயலில் கடலுக்குப் போகிறது. அந்தப் புன்னைக்காயலில்தான் அண்டிரிக் அடிகளார் 1586-இல் 'அடியார் வரலாறு' நூலை அச்சிட்டார். கொல்லத்தில் 1578-இல் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது அதற்கு முந்திய கதை. பிறகு தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது காகிதம் போதவில்லை. அதற்காக எழுத்தையே சின்னதாக வார்த்தார்கள். பக்கத்தில் பொறையாற்றில் காகிதம் செய்யும் ஆலையும் தொடங்கிப் பார்த்தார்கள். காகிதத்துக்கு ஒரு காலத்தில் அவ்வளவு தட்டுப்பாடு. பாட புத்தகத்தில் கப்பல் செய்து மழைத்தண்ணீரில் விட்ட என் மாணவர்கள் இதைக் கவனிக்கவும்.

நம் மாதிரிக் கிராமங்களில் காகிதம் சேரத் தொடங்கியது பத்திரிகைகள் வந்த பிறகுதான். 'சுதேசமித்திரன்' 1899-இல் நாளிதழானது. 'தினமணி' 1934-இல் வந்தது. 1942-இல் மதுரையில் 'தந்தி' தொடங்கி, பிறகு 'தினத்தந்தி' ஆனது. இரண்டாம் உலகப்போர் நேரத்தில் காகிதத் தட்டுப்பாட்டால் பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. அப்படி அருமையாக வந்த தாளை வாசித்து முடித்ததும் யார் தூக்கிப்போடுவார்கள்? பலசரக்குப் பொட்டலம், அலமாரி விரிப்பு, பள்ளிக்கூட நோட்டு அட்டை எல்லாம் ஆகி, கடைசியில் ஆச்சியின் பானைக்குப் போகும்.

இதே வேலை மற்ற ஊர்களில் பெரிய பெயர் வாங்கியிருக்கிறது. காஷ்மீரில் 15-ஆம் நூற்றாண்டில் சைனுல் ஆபிதீன் சுல்தான் காலத்தில் காகிதக்கூழ் வேலை வேரூன்றியது. எழுதுகோல் பெட்டிகள் செய்து, மேலே நுணுக்கமாகப் பூ எழுதி அரண்மனைகளுக்கு அனுப்பினார்கள். ஜப்பானில் மூங்கில் கூடையின்மேல் காகிதத்தை ஒட்டி, காய்ப்பருவத்துப் பழமான காக்கியின் துவர்ப்புச் சாற்றைப் பூசிக் காய வைப்பார்கள். இக்கன்பாரி என்று பெயர். சீனாவிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய இக்கன் என்ற கைவினைஞர் பெயரில் வழங்குகிறது. அவர்களுக்குத் துவர்ப்பு, நமக்குக் கசப்பு. கூடையும் காகிதமும் ஒன்றேதான். ஆனால் அங்கே தொடங்கியவர் பெயரால் கலை நிற்கிறது. இங்கே கலைக்கே பெயர் கிடையாது. 'சுளகு மெழுகுறது' என்பார்கள், அவ்வளவுதான். நம் பக்கம் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கும், புதுச்சேரி திருக்கனூர்க் காகிதக்கூழ் வேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. நல்ல விஷயம். அவை விற்பனைக்கு வந்த பொருள்கள். அடுக்களைக்குள்ளேயே பிறந்து அடுக்களைக்குள்ளேயே தேய்ந்த பெட்டிக்குக் குறியீடு வாங்க யார் அலைவார்கள்?

இரண்டாவதாக ஒன்று சொல்ல வேண்டும். அது சாமி படம். ரவிவர்மா 1894-இல் பம்பாய்ப் பக்கம் அச்சுக்கூடம் தொடங்கியபின் லட்சுமியும் சரஸ்வதியும் தாளில் அச்சாகி வீடுவீடாக வந்தார்கள். பிறகு கோவில்பட்டியில் இருந்து கொண்டு சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி நம் சுவர்களை எல்லாம் நிரப்பின. கொண்டையராஜு 1976-இல் காலமானார். அவர் வரைந்த முருகனை நம்மில் பலர் பெயர் தெரியாமலே கும்பிட்டிருக்கிறோம்.

பெண்கள் அந்தப் படங்களை அப்படியே விட்டுவிடவில்லை. லட்சுமியின் சேலை இருக்கும் இடத்தில் நிஜப் பட்டுத்துணியை அளவாக வெட்டி ஒட்டினார்கள். கரைக்குப் பழைய சரிகை. கழுத்துக்குப் பாசிமணி. கிரீடத்துக்கு ஜமிக்கி. முகமும் கையும் மட்டும் அச்சு, மற்றதெல்லாம் தையல். மைதாப் பசையில் துளி மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது. பிறகு கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். கடையில் எல்லாருக்கும் ஒரே லட்சுமிதான் கிடைத்தாள். உடுத்தி முடித்தபின் ஒவ்வொரு வீட்டு லட்சுமியும் வேறு. எங்கள் பெரியம்மை தன் கல்யாணச் சேலையின் முந்தியில் கிழிந்துபோன துண்டைத்தான் லட்சுமிக்குக் கட்டினாள். அந்தச் சேலை போய்விட்டது. படத்தில் நான்கு விரல் அகலத்துக்கு அரக்கு நிறம் இன்னும் இருக்கிறது.

ஊர்ப் பொதுவில் நடந்தது தனி. அம்மன் கொடைக்குப் பட்டத்தாள் தோரணம், கரகத்தின் உச்சியில் கிளி, சப்பரத்துக்கு ஜிகினாத்தாள். நாகூர் முதலான தர்காக்களின் சந்தனக்கூட்டில் மூங்கிலும் வண்ணத்தாளும் சேர்ந்து ஒரு கோபுரமே எழும்பும். இதெல்லாம் பெரும்பாலும் ஆண்கள் வேலை, கூலியும் உண்டு, பார்ப்பவர்களும் உண்டு. அதனால் இன்னும் நடக்கிறது. இதை நான் நீட்டவில்லை.

இனி எனக்கு உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆச்சி செய்த பெட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. விளிம்பு பிய்ந்துவிட்டது. பெட்டி வழவழப்பாக இருக்க, கடைசியாக உள்பக்கம் முழுத்தாளைக் கிழித்து ஒட்டுவது ஆச்சியின் வழக்கம். பிய்ந்த இடத்தில் நீல மையில் எழுதிய நாலைந்து சொற்கள் தெரிகின்றன. 'நலம்' என்று ஒன்று. 'கொழும்பு' என்று ஒன்று. கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய், அங்கேயே இறந்துபோன எங்கள் பெரிய தாத்தாவின் கடிதம். அவர் கையெழுத்து என்று எங்கள் குடும்பத்தில் மிச்சம் இருப்பது அந்த நாலைந்து சொல்தான். மற்ற கடிதங்கள் எல்லாம் விழுதாகி வத்தல் பெட்டியாகிவிட்டன.

வரலாறு நடத்தியவளுக்கு இதைப் பார்த்தால் வயிறு எரியும். பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் ஓலைச்சுவடியை விட்டார்கள் என்று உ.வே.சா.வை முன்னிறுத்தி வகுப்பில் எத்தனை தடவை அங்கலாய்த்திருப்பேன்! நம் வீட்டிலேயே ஆட்டுரல் ஓடியிருக்கிறது. (பாரதியார் 1918 முதல் 1920 வரை செல்லம்மாளின் ஊரான நம் கடையத்தில் இருந்தாரே, அவர் எழுதிய தாளும் ஏதாவது சுளகில் இருக்குமோ என்று யாரும் கதை கட்டிவிட வேண்டாம். வாட்ஸ்அப்பில் இருக்கிற கதை போதும்.)

ஆனால் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1951 கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட முழுதாக இல்லை. அவளுக்கு வந்த கடிதத்தையும் வேறு யாரோதான் வாசித்துச் சொன்னார்கள். தபால்காரர் வாசிப்பார், இல்லை பக்கத்து வீட்டுப் பையன் வாசிப்பான். வாசித்து முடித்ததும் அந்தத் தாளில் அவளுக்கு என்ன மிச்சம்? நாம் கையெழுத்தைப் பார்க்கிறோம். அவளுக்குத் தாளின் கனமும், தண்ணீரில் எத்தனை நாளில் நையும் என்பதும், எந்தத் தாள் நன்றாக ஒட்டும் என்பதும்தான் தெரிந்தன. பத்திரிகைத் தாள் சீக்கிரம் கரையும், கடிதத்தாள் கெட்டி, அதைக் கடைசியில்தான் ஒட்ட வேண்டும் என்பாள். காகிதத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. அதை வைத்து அவள் எழுத முடியாமல் போனது அவள் குற்றமும் இல்லை. படிக்க அனுப்பாத வீடு, தன் கடிதம் அரைபட்டதற்கு அழுவதில் அர்த்தம் இல்லை.

என் வயதுக்காரர்களுக்காக இன்னும் ஒருவரைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் மேரி டெலனி என்று ஒரு சீமாட்டி. 1772-இல், தன் 72-ஆம் வயதில், உதிர்ந்த சிவப்புப் பூவிதழின் நிறமும் பக்கத்தில் கிடந்த காகிதத்தின் நிறமும் ஒன்றாக இருப்பதைப் பார்த்தார். காகிதத்தைக் கத்தரித்து அந்தப் பூவைச் செய்தார். வந்த தோழி அதை நிஜப் பூ என்றே நினைத்துவிட்டாராம். பிறகு கறுப்புத் தாளின்மேல் வண்ணக் காகிதத் துணுக்குகளை ஒட்டி, சில இடங்களில் நிஜ இலையையும் சேர்த்து, 82 வயதில் பார்வை மங்கும் வரை ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பூக்களைச் செய்தார். அவை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவருக்குக் காலமும் வசதியும் இருந்தன, படிப்பும் இருந்தது. ஒவ்வொரு பூவுக்கும் அதன் தாவரப் பெயரை எழுதி வைத்தார். ஆச்சி செய்த பெட்டியில் எதுவும் எழுதியில்லை.

போன் செய்த பெண்ணுக்கு இப்போது நேரடியாகப் பதில். கடையில் வண்ணத்தாள் வாங்காதே. வீட்டில் என்ன காகிதம் இருக்கிறது என்று பிள்ளையையே தேடச் சொல். மின்கட்டண ரசீது, கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, பழைய நோட்டு என்று ஏதாவது கிடைக்கும். அரைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல். வைக்க வேண்டியதை எடுத்து வைத்துக்கொள். மீதியை ஊறப்போடு. இரண்டு கை கூழுக்கு ஒரு சின்னக் கரண்டி வெந்தயம் போதும். ஆட்டுரல் இல்லாவிட்டால் மிக்சியில் நிறையத் தண்ணீர் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அடி. மோட்டார் சூடானால் நிறுத்திவிடு, என்மேல் பழி வரக் கூடாது. எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, ஈரத்துணி போட்டு அப்பு. நிழலில் இரண்டு நாள், வெயிலில் ஒரு நாள். வெளிப்புறம் பாட்டியின் பழைய சேலைக் கரையை ஒட்டலாம். அடியில் செய்தவள் பெயரும் தேதியும் கட்டாயம் எழுத வேண்டும்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் காகிதப் பெட்டியோ, மெழுகிய சுளகோ, சேலை உடுத்திய சாமி படமோ இருந்தால் போட்டோ எடுத்துக் கீழே போடுங்கள். யார் செய்தது, எந்த ஊர்க்காரி, யாருக்கு என்ன உறவு என்பதைச் சேர்த்து எழுதுங்கள். 'எங்க ஆச்சி' என்று மட்டும் போடாதீர்கள், பெயரைப் போடுங்கள். எங்கள் ஆச்சியின் பெயர் ஆவுடையம்மாள்.