வெண்கட்டி வட்டத்தின் தீர்ப்பு

சித்தூர், திருப்பதி வட்டாரத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் விழா நடைபெறும் நாட்களில் பகலில் பாரதக் கதை சொல்வதும், இரவில் கூத்து ஆடுவதும் நெடுநாளைய வழக்கம். இருவர் பிடித்த திரையின் பின்னிருந்து வேடதாரி தோன்றித் தன் பெயரையும் குலத்தையும் தானே எடுத்துரைப்பார். கட்டியங்காரன் இடைமறித்துக் கேள்வி கேட்பான். கதையில் மனம் தோய்ந்தவரும் அக்கணமே விலகி நின்று அதை எடைபோடுவர். இக்கூத்தைக் கண்டு வளர்ந்த நேயர்களுக்கு, ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டின் 'காக்கேசிய வெண்கட்டி வட்டம்' அயலாகத் தோன்றாது. அதிலும் பாடகன் ஒருவன் கதையை நடத்திச் செல்கிறான்.

பிரெக்ட் இந்நாடகத்தை 1944-ஆம் ஆண்டில், ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி அமெரிக்காவில் வாழ்ந்தபோது எழுதினார். கலகத்தின்போது ஆளுநரின் மனைவி கைக்குழந்தையை விட்டு ஓடிவிடுகிறாள். குருஷா என்னும் பணிப்பெண் துன்பங்கள் பல தாங்கி அதனை வளர்க்கிறாள். பின்னர், சொத்துக்காகத் தாய் குழந்தையைக் கேட்டு வருகிறாள். நீதிபதி அஸ்டாக் தரையில் வட்டம் வரைந்து, குழந்தையை நடுவே நிறுத்தி, இருவரையும் இழுக்கச் சொல்கிறான். பிள்ளைக்கு வலிக்குமே என்று கையை விட்டவள் குருஷா. பிள்ளை அவளுக்கே தரப்படுகிறது.

இவ்வழக்கு பழமையானது. பௌத்த ஜாதகக் கதையில் மகோசதன் இவ்வாறே தரையில் கோடு கிழித்துத் தீர்ப்பளித்தான். விவிலியத்தில் சாலமோன் மன்னனும், பழைய சீன நாடகம் ஒன்றும் இதே வழக்கைக் கூறுவர். அங்கெல்லாம் விட்டுக்கொடுத்தவள் பெற்ற தாய். பிரெக்டின் நாடகத்திலோ வளர்த்தவள். இம்மாற்றமே நாடகத்தின் உயிர்.

முதன்முதலாக இது 1948-இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலத்தில் மேடையேறியது. 1954-இல் பெர்லினில் பிரெக்டே இயக்கினார். நாடகத்தின் முன்காட்சியில் இரு கூட்டுப் பண்ணையினர் ஒரு பள்ளத்தாக்குக்காக வழக்காடுகின்றனர். நீர்ப்பாசனம் செய்து அதனை வளப்படுத்தவல்லவர்க்கே நிலம் சேர்கிறது. சோவியத் மண்ணில் நிகழும் இக்காட்சியை மேற்கு நாடுகளின் சில அரங்குகள் நீக்கிவிட்டன. அதனால் நாடகம் தாயன்பின் கதையாகச் சுருங்கியது. காட்சியைச் சேர்த்தவர்க்கு அது உடைமையைப் பற்றிய வினாவாக விரிந்தது. 1967-இல் ஹென்றி ஜயசேன இலங்கையில் இதனைச் சிங்களத்தில் மேடையேற்றினார். 1970-களில் விஜயா மேத்தா, ஜெர்மானிய இயக்குநர் பிரிட்ஸ் பென்னவிட்சுடன் இணைந்து மராத்தியில் தந்தார்.

'வளர்ப்பவர்க்கே உரிமை' என்பது கேட்க இனிது. ஆயினும், வளர்ப்பவர் யார் என்று முடிவு செய்வது யார்? பிறர் நிலத்தைக் கவர்ந்தவனும் 'நான் உழுதேன்' என்று கூறலாம் அன்றோ? அஸ்டாக்கும் குழப்பக் காலத்தில் தற்செயலாக நீதிபதியானவனே. ஆதலால், ஒவ்வொரு தலைமுறையும் இத்தீர்ப்பைப் புதிதாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

சித்தூர் மக்கள் எல்லை வழக்கை அறிந்தவர்கள். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்தது, கூத்தைப் பிரிக்கவில்லை. அங்கே அது தமிழிலும் தெலுங்கிலும் ஒலிக்கிறது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மொழி பிறப்பால் வந்த சொத்து மட்டுமன்று; பிள்ளைகளின் நாவில் நாள்தோறும் வளர்க்க வேண்டிய குழந்தை. அதனை வளர்ப்போம், அண்டை வீட்டாரின் கையிலிருந்து எதையும் பிடித்து இழுக்காமல் வளர்ப்போம்.