முத்தும் பொன்னும் புல்தரையும்

ஓவியம் பார்க்கவும், பொருள் வாங்கவும், கோல்ஃப் ஆடவும் உலகோர் பாலைவனத்து நகரமொன்றை நாடி விமானமேறுவர் என்று நூறாண்டுகளுக்கு முன் எவரேனும் கூறியிருந்தால், துபாய்வாசிகளே நகைத்திருப்பர். இன்றோ திருவண்ணாமலை போன்ற உள்நாட்டு ஊர்களிலும் அப்பயணத்துக்கான விளம்பரங்களைக் காண்கிறோம். நம் இல்லங்கள் பலவற்றுக்கு அவ்வூர் வேறு வகையில் பழக்கமானது. தந்தையோ மகனோ அங்கிருந்து அனுப்பிய பணத்தில் அடுப்பெரிந்த இல்லங்கள் அவை. ஆயினும் துபாய் எண்ணெயால் உண்டான நகரம் என்றே நம்மவரில் பலர் எண்ணுகின்றனர். சரித்திரம் அவ்வாறு சொல்லவில்லை.

பாரசீக வளைகுடா தமிழகத்துக்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டு அமைச்சராய்த் திகழ்ந்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மானின் சகோதரர் ஜமாலுத்தீன், வளைகுடாவின் கைஸ் தீவை ஆண்டவர். அங்கிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் இங்கே வந்திறங்கின என்றும், ஒன்றின் விலை 220 பொற்காசுகள் என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் விலை தரப்பட்டது என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். கப்பல் தலைவனைக் குறிக்கும் நாகுதா என்ற பாரசீகச் சொல் தமிழிலும் புகுந்தது இத்தகைய கடலுறவால்தான்.

அக்காலத்தில் துபாய் பேர்பெற்ற ஊரன்று. வெனிஸ் நகரத்து மணி வணிகர் காஸ்பரோ பால்பி 1590இல் வெளியிட்ட பயண நூலில், முத்துக்குளிக்கும் இடங்களின் வரிசையில் அதன் பெயர் வருகிறது. 1833இல் அபூதபியிலிருந்து ஒரு குலப்பிரிவினர் ஏறத்தாழ எண்ணூறு பேர் அங்கே வந்து குடியேறினர். இன்றைய மக்தூம் ஆட்சிக் குடும்பம் அவ்வழியினது. மணலும் உப்பங்கழியும் தவிர அவர்களுக்கு என்ன இருந்தது? கடலடியில் முத்து இருந்தது.

கோடையின் நான்கு மாதம் நாகுதாவின் கீழ் தோணிகள் புறப்படும். மூழ்குபவன் 'கவ்வாஸ்', கயிற்றைப் பிடித்து அவனை மேலிழுப்பவன் 'ஸைப்'. மூக்கில் ஆமையோட்டுக் கவ்வி, காலில் கல். இவ்வளவே கருவிகள். முத்து பம்பாய்ச் சந்தைக்குச் சென்று உலகக் கழுத்துகளை அலங்கரித்தது. மூழ்கியவனோ புறப்படுமுன் குடும்பச் செலவுக்கு வாங்கிய முன்பணத்தை அடைக்க முடியாமல், மறு ஆண்டும் அதே தோணியில் ஏறினான். அவன் இறந்தால் கடன் மகன் தலையில் விழுவதும் உண்டு.

1894இல் ஷேக் மக்தூம் பின் ஹஷர் அயல் வணிகருக்கு வரிவிலக்கு அளித்தார். சில ஆண்டுகளில் எதிர்க்கரையிலுள்ள லிங்கா துறையில் பாரசீக அரசு சுங்கத்தை உயர்த்தவே, அங்கிருந்த வணிகர் பலர் துபாய்க்குப் பெயர்ந்தனர். அவர்கள் காற்றுக் கோபுரங்களோடு கட்டிய வீடுகள் பஸ்தகிய்யா பகுதியில் இன்றும் நிற்கின்றன. ஓவியக் கூடங்களைத் தேடிச் செல்வோர் முதலில் காணத்தக்க கலை அதுவே என்போம். மேலே வீசும் காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கிய அறிவு அது!

ஜப்பானின் வளர்ப்பு முத்தும், 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் முத்துத் தொழிலை அழித்தன. பிறகு கைகொடுத்தது தங்கம். விடுதலைக்குப் பின் இந்தியா தங்க இறக்குமதியைத் தடுத்தது. 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. லண்டனிலிருந்து துபாய் வந்த தங்கம் மரக்கலமேறி நம் கரையை அடைந்தது. அங்கே அதற்குப் பெயர் ஏற்றுமதி, இங்கே கள்ளக்கடத்தல். அச்சட்டம் 1990இல் நீங்கியது. நம் ரூபாயோ 1966 வரை அங்கு செல்லுபடியான நாணயமாய் இருந்தது. 1959 முதல் அதற்கெனத் தனி வளைகுடா ரூபாயையே இந்திய ரிசர்வ் வங்கி அச்சிட்டது. கழிமுகத்தை ஆழப்படுத்தும் பணி 1961இலேயே முடிந்துவிட்டது. எண்ணெய் கண்டது 1966இல்தான். துறைமுகம் முந்தியது, எண்ணெய் பிந்தியது.

1996இல் வணிகத் திருவிழா, 2007இல் ஓவியச் சந்தை, 2008இல் துபாய் மால் என மற்றவை அடுத்தடுத்து வந்தன. கோல்ஃப் மட்டும் சற்று நின்று பார்க்கத்தக்கது. கல்கத்தாவில் 1829இலேயே சங்கம் கண்ட அவ்விளையாட்டை, வளைகுடாவுக்குப் பணிக்கு வந்த ஐரோப்பியர் எண்ணெய் கலந்து இறுக்கிய மணல் தரையில் ஆடினர். 1988இல் திறந்த எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்போ புல் விரித்த ஆடுகளம். கடல்நீரை உப்பகற்றியும் கழிவுநீரைத் தூய்மை செய்தும் அங்கே புல் வளர்க்கிறார்கள். திறமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால், உளூச் செய்யும் நீரிலும் விரயம் ஆகாதெனப் பயின்ற நமக்கு அது உறுத்துகிறது. சாத்தனூர் அணையின் நீர்மட்டத்தை நாளேட்டில் பார்த்து வாழும் எம் ஊராருக்குச் சற்று மிகுதியாகவே உறுத்தும்.

அப்புல்லை வெட்டுபவரும், மாலின் தரையைத் துடைப்பவரும், அவ்வோவியங்களைச் சுவரில் மாட்டுபவரும் பெரும்பாலும் நம் துணைக்கண்டத்துப் பிள்ளைகளே. வேலைக்கு எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக்கூடாது என்பது அமீரகச் சட்டம். முகவர் கட்டணத்துக்கு இந்தியாவிலும் உச்சவரம்பு உண்டு. இருந்தும் தாயின் சங்கிலியை அடகு வைத்து முகவரிடம் பணம் கட்டிச் செல்லும் பிள்ளைகள் இன்றும் இருக்கின்றனர். அவர்களுடைய முதல் பல மாத ஊதியம், கவ்வாஸின் முத்தைப் போலவே, கரைக்கு வருமுன்பே கடன்காரருக்கு உரியதாகிவிடுகிறது.