கடிதம் எழுதாத பிள்ளைகள்

1923ஆம் ஆண்டு கொல்லிமலையிலிருந்து ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் படிப்பதற்காக இங்கிலாந்துக்குப் போனான். கூடவே அவனைவிட இரண்டு வயது இளைய தங்கை. பெற்றோர் உடன் சென்று, இலண்டனில் உறவினர் வீட்டில் இருவரையும் விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினார்கள். தந்தை மலையிலிருந்து விடாமல் கடிதம் எழுதினார். மரம், பூச்சி, பறவை என்று மகன் விட்டுவந்த உலகம் அந்தக் கடிதங்களில் போய்க்கொண்டிருந்தது. 1929 ஜூன் மாதம் தந்தை கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். செய்தி தந்தியில் வந்தது. இறப்பதற்கு முன் அவர் எழுதியிருந்த கடிதம் கப்பலில் மெதுவாக வந்து, தந்திக்குப் பிறகு மகன் கையில் சேர்ந்தது.

அந்தச் சிறுவன்தான் பின்னாளில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் ஈவ்லின். 1913இல் மணமுடித்து, வாழவந்தியில் வீடு கட்டி, மருந்தும் பள்ளியும் கொண்டு மலைமக்களிடையே வாழ்ந்தவர்கள். கொல்லிமலையில் நவீனக் கல்வியின் வரலாற்றை எழுதுகிற எவரும் இவர்களை விட்டுவிட்டு எழுத முடியாது. நானும் இவர்களிடமிருந்தே தொடங்குகிறேன். ஆனால் அவர்கள் திறந்த பள்ளிகளுக்காக அல்ல, அந்தக் கடிதத்துக்காக.

பள்ளிக்காகப் பெற்றோரைப் பிரிந்த ஒரு பிள்ளையின் துயரம் நமக்குத் தெரிகிறது. அது எழுதப்பட்டது. அவர் பெரியவராகித் தாமே எழுதினார், பிறரும் அவர் வரலாற்றை எழுதினார்கள். அதே மலையில், அதே ஆண்டுகளில், கல்விக்காகக் குடிசையைவிட்டு மிஷன் வளாகத்துக்கு வந்து தங்கிய மலையாளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் இரவில் என்ன நினைத்துக்கொண்டு படுத்தார்கள்? மிஷன் வரலாறுகளில் அவர்கள் மீட்கப்பட்டவர்களாக, நன்றியுள்ளவர்களாக வருகிறார்கள். ஏக்கம் உள்ளவர்களாக வருவதில்லை.

பிராண்ட் தம்பதியரை முதலில் எதிர்த்த பூசாரி ஒருவர், தாம் காய்ச்சலில் சாகும் தறுவாயில் தம் குழந்தைகளை அவர்களிடமே ஒப்படைத்த நிகழ்ச்சி அடிக்கடி சொல்லப்படுவது. பெண் குழந்தையை அவர்கள் ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். சொல்கிறவர்கள் எல்லோருக்கும் இது பூசாரியின் மனமாற்றக் கதை. பெயர் மாறிய குழந்தையின் கதையாக அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஈவ்லினைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிள்ளைகளைப் பிரிந்த வலியோடு ஊரார் பிள்ளைகளை வளர்த்த தாய் அவர். கணவர் இறந்த பின் மிஷன் அவரை மலையில் விடாமல் வேறிடங்களில் பணியமர்த்தியது. 1947இல், ஓய்வு பெறும் வயதில், அமைப்பின் ஆதரவில்லாமல் தானாகவே மலையேறினார். கொல்லி, பச்சை, கல்வராயன், போதமலை, சித்தேரி என்று குதிரைமேல் சுற்றிய பாட்டியாக 95 வயதுவரை வாழ்ந்து 1974இல் இறந்தார். வாழவந்தியில் கணவர் அருகில் அடக்கம். ஒரு பெண்ணின் பிடிவாத வரலாறாகத் தனியே எழுத வேண்டிய கதை அது. ஆனால் அந்தப் பிடிவாதத்துக்குக்கூட வாழ்க்கை வரலாற்று நூல் இருக்கிறது. விடுதி வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு, மரவள்ளிக் காட்டைப் பார்த்துத் திரும்பி நடந்த அம்மாக்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

தமிழ் படித்தவர்களுக்குக் கொல்லிமலை வேறு வழியாக அறிமுகம். வல்வில் ஓரி, அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்த காரி, சிரித்தே ஆளை மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவை. ஆடிப் பதினெட்டை ஒட்டி ஆண்டுதோறும் அரசு ஓரிக்கு விழா எடுக்கிறது. சங்க இலக்கிய வகுப்பில் இந்த மலையைப் பற்றி ஒரு மணிநேரம் என்னால் நிற்காமல் பேச முடியும். அந்த ஒரு மணிநேரத்தில் இன்று மலையில் வாழும் மக்கள் ஒருமுறைகூட வரமாட்டார்கள். பதினான்கு நாடுகளாகப் பிரிந்து, வளப்பூர்நாடு, சேலூர்நாடு, தின்னனூர்நாடு என்று ஊருக்கு ஊர் பெயரிலேயே நாட்டை வைத்திருக்கிற மக்கள் அவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் மலையேறிய கதையைத் தங்கள் தொடக்கமாகச் சொல்கிறவர்கள். அந்தக் கதையை 1909இல் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்தார். நம் பாடநூல் செய்யவில்லை. மலைப்பிள்ளை தன் ஊரின் பெயரைப் புத்தகத்தில் பார்க்கிறாள். ஆனால் அங்கே தன்னைப் பார்ப்பதில்லை.

விடுதலைக்குப் பிறகு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் வந்தன. ஆயிரம் மீட்டருக்கும் மேலே, ஓடையும் சரிவுமாகச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்கு உறைவிடப் பள்ளியைவிட நல்ல வழி அன்று தெரியவில்லை. மூன்று வேளைச் சோறு பெரிய விஷயம். காப்பித் தோட்டத்துக்கும் மிளகுத் தோட்டத்துக்கும் வெளிமாநிலம் போகும் குடும்பங்களுக்கு, பிள்ளையைப் பசியில்லாமல் விட்டுப்போக ஓரிடம் கிடைத்தது. கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிடுங்கி, தாய்மொழியை அழிக்க நடத்திய உறைவிடப் பள்ளிகளை இவற்றோடு ஒப்பிடுவது நியாயமாகாது. அதற்காக 2008இல் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இங்கே நோக்கம் அழிப்பதல்ல. ஆனாலும் ஆறு வயதில் தாயைப் பிரிந்து பாயில் படுக்கும் பிள்ளைக்கு நோக்கம் எப்படித் தெரியும்? அந்தப் பிள்ளையின் பகல் முழுவதற்கும் பதிவேடு இருக்கிறது. வருகை, எடை, உயரம், மதிப்பெண் எல்லாம் ஏறும். அழுகைக்குக் கட்டம் இல்லை.

கல்வியில் உணர்ச்சி தனிமனித சமாச்சாரம் அல்ல, அதிகாரம் வேலை செய்யும் இடமே அதுதான் என்று 1999இல் வந்த ‘ஃபீலிங் பவர்’ என்ற நூலில் மேகன் போலர் வாதிட்டார். யார் வெட்கப்பட வேண்டும், யார் நன்றியோடிருக்க வேண்டும் என்பதைப் பள்ளி சத்தமில்லாமல் கற்றுத்தருகிறது. இதைப் புரிந்துகொள்ள நமக்கு வெளிநாட்டு நூல் வேண்டியதில்லை என்பது வேறு. 1855இலேயே சாவித்திரிபாய், ஜோதிராவ் புலே பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற பதினான்கு வயது மாங் சாதிச் சிறுமி, மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். ‘ஞானோதயா’ இதழ் அதை அச்சிட்டது. கூரையில்லாத இடத்தில் பிள்ளை பெறும் தன் சாதிப் பெண்களின் வேதனையையும் அவள் அதில் எழுதினாள். அவளுடைய பள்ளி துக்கத்தை ஒரு பாடமாக ஏற்றுக்கொண்டது. அத்தகைய வகுப்பறை எத்தனை பேருக்குக் கிடைத்தது?

மலையிலிருந்து இறங்கிக் கல்லூரிக்கு வரும் பெண்களிடம் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்கப்படும்: “மலையாளியா? அப்போ கேரளாவா?” கேட்பவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். மலையை ஆள்பவர், மலையில் இருப்பவர் என்ற பொருளில் ஒரு பழங்குடிக்கு வந்த பெயர் சமவெளியில் வேடிக்கையாகிவிடுகிறது. பெயருக்குப் பின்னால் அப்பா ‘கவுண்டர்’ என்று போட்டிருந்தால் சந்தேகம் இரண்டு மடங்கு. சாதிச் சான்றிதழ் கேட்டு அலையும்போது அந்தச் சந்தேகம் மேசைக்கு மேசை கூடவே வரும். பழங்குடிச் சான்றிதழ் தரும் அதிகாரம் 1989 நவம்பரில் தாசில்தாரிடமிருந்து கோட்டாட்சியருக்குப் போனது. போலிகளைத் தடுக்கத்தான் அந்த மாற்றம். ஆனால் அதன் செலவை ஏற்றது எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஒருநாள் கூலியை விட்டு, அடுத்த வாரம் வரச்சொல்லிக் கேட்டுத் திரும்பும் குடும்பங்கள். ஒரு பதினாறு வயதுப் பெண், தான் தன் அம்மாவின் மகள்தான் என்று நிரூபிக்க வேண்டியதைப்போல் வரிசையில் நிற்கிறாள். கல்வியின் பகுதியாக அவள் கற்பது அதுவும்தான்.

இலக்கண ஆசிரியராக எனக்கு ஒரு சொல்லோடு நெடுநாள் வழக்கு உண்டு: இடைநிற்றல். ‘நில்’ தன்வினை. நின்றவள் தானே நின்றாள். அறிக்கைகளில் “இடைநின்ற மாணவியர்” என்று எழுதும்போது, நிறுத்தியவர் யார் என்ற கேள்விக்கே வாக்கியத்தில் இடமில்லாமல் போகிறது. தோட்ட வேலைக்குப் பெற்றோர் போனபின் தம்பியைப் பார்த்துக்கொள்ள வைத்தவர்கள், பதினைந்து வயதில் கல்யாணம் பேசியவர்கள், மாதவிடாய் நாட்களில் தண்ணீர் வராத கழிப்பறை, மலைப்பேச்சைச் சொல்லிக்காட்டிச் சிரித்த வகுப்பு என எழுவாய்கள் பல. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு அந்தச் சொல் அவளை மட்டும் நிற்க வைக்கிறது. காரணம் எழுதும் பத்தியில் ‘படிப்பில் விருப்பமின்மை’ என்று எழுதியும் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்குப் போய் அவளிடம் பேசிய எவரும் அப்படி எழுதத் துணியமாட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் முதலாண்டு வகுப்பில் ‘பள்ளியில் என் முதல் நாள்’ என்று எழுதச் சொன்னேன். மலையிலிருந்து வந்த மாணவி ஒருத்தி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். விடுதியில் விட வந்த அம்மா முந்தானையில் பலாச்சுளை முடிந்து கொண்டுவந்தது, அதைத் தின்னாமல் பெட்டியில் வைத்து எறும்பு மொய்த்தது, எறும்போடு சேர்த்து அதை எறியச் சொன்னது. அம்மா திரும்பிப் பார்க்காமல் போனதைக் கோபமாக எழுதி, பிறகு அந்த வரியை அடித்திருந்தாள். தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, “மேடம், இதெல்லாம் எழுதலாமா?” என்று கேட்டாள். எழுதலாம் என்றேன். அவள் தாளைப் பிரித்துப் பார்த்தாள். அவள் ஊர்ப்பேச்சில் இருந்த ஏழு சொற்களை நான் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தேன்.