வேடன் தங்கிய ஊர்

சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை. தாம்பரத்துக்கு அப்பால் இருக்கும் என் வீட்டுக் கொல்லைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, தம்பிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். கிராமத்து வீட்டை விற்பது பற்றிய தகராறு. ஒரு மாதமாக நெஞ்சில் ஊறிக் கிடந்த கோபம் முழுவதும் பேனா முனைக்கு வந்திருந்தது. இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது. இனி உனக்கும் எனக்கும் பேச்சே இல்லை என்று எழுதப் போகிற சமயம், தலையை நிமிர்த்தினேன்.

கிணற்றுச் சுவரில் ஒரு வக்கா உட்கார்ந்திருந்தது. கழுத்தே இல்லாததுபோல் தலையை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, சிவந்த கண்ணால் என்னையே பார்த்தது. இரவெல்லாம் இரை தேடி அலைந்த களைப்புப் போலும்.

"அசையாதீங்க, பறந்துடும்" என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தாள் என் மனைவி.

அசையவில்லை. பத்து நிமிஷம் இருக்கும். அது தானாக எழுந்து போனபோது, நான் எழுத இருந்த அந்த வாக்கியமும் என்னை விட்டுப் போயிருந்தது. கடிதத்தை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

அந்த விருந்தாளியின் சுற்றத்தாரையும் பார்த்துவிடலாமே என்று, மறுவாரம் இருவரும் வேடந்தாங்கலுக்குப் போனோம். சென்னையிலிருந்து 80 கிலோமீட்டர்தான். சுமார் 74 ஏக்கர் ஏரி. தண்ணீருக்குள்ளேயே நிற்கும் கடப்ப மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் குடும்பம் குடும்பமாக நத்தைகுத்தி நாரைகள், அரிவாள் மூக்கன்கள், நீர்க்காகங்கள், நம் வக்காக்கள். கரைக்கு இப்பால் வயல்களும் வீடுகளும். பறவைக்கும் மனிதனுக்கும் நடுவே ஒரு கரைதான் இடைவெளி.

வேடர்கள் தங்கிய இடம் என்பதால் இந்தப் பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். அந்த வேடனின் ஊர்தான் பறவைகளுக்காக வழக்காடப் போனது.

1790-களில் செங்கற்பட்டுச் சீமை கும்பெனியாரின் ஜாகீராக இருந்தது. வெள்ளைச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அந்தக் கலெக்டர் லயனல் பிளேஸ் துரை. மதுராந்தகத்தில், ஏரி காத்த ராமர் கதையில் வருகிறாரே, அவரேதான். பறவைகளை யாரும் துன்புறுத்தலாகாது என்று அவர் ஊராருக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். கவுல் என்றால் எழுத்து மூலமான உறுதி.

நாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களிடம், துப்பாக்கி ஏந்திய அவர்கள் ஆட்களைப் பற்றியே புகார் சொல்ல, உழுது பிழைக்கிற மனிதர்கள் எத்தனை துணிச்சலோடு போயிருக்க வேண்டும்!

"அது சுயநலம்தானே, ஸார்?" என்று நேயர்கள் கேட்கலாம். உண்மைதான். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு நல்ல உரம். ஆனால் உரத்துக்காக மட்டும் இத்தனை தலைமுறை காவல் இருக்க முடியுமா? உரம் கடையில் மூட்டையாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் ஊர் காவலை விடவில்லையே! குஞ்சு பொரித்த மரத்தடியில் குரலைத் தாழ்த்திப் பேசிப் பழகியவர்களுக்கு, அந்தத் தாழ்ந்த குரலே சுபாவமாகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

1936-இல் அரசாங்கம் இதைச் சரணாலயமாக ஏற்றது. 2020-இல் சரணாலயத்தின் சுற்றெல்லையை ஐந்து கிலோமீட்டரிலிருந்து மூன்றாகக் குறைக்க யோசனை எழுந்தபோது பலமான எதிர்ப்புக் கிளம்பியது. 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது. கவுலை ஒரு முறை வாங்கிவிட்டால் போதாது. அவ்வப்போது கேட்டு வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

என் கிணற்றுச் சுவரில் கிடைத்த பத்து நிமிஷ அமைதி ஏதோ தற்செயலாக வந்தது என்றே நினைத்திருந்தேன். ஏரிக்கரையில் நின்றபோது அப்படித் தோன்றவில்லை. யாரோ முன்னோர்கள் தங்கள் ஏரியில் துப்பாக்கிச் சத்தத்தை நிறுத்தியதால்தான், அந்த இனத்துப் பறவைக்கு மனிதன் வீட்டுப் பக்கம் உட்காரத் தைரியம் மிஞ்சியிருக்கிறது. அமைதி என்பது காட்டிலிருந்து தானாக வருவதில்லை. சுடாமல் இருப்பவன் அதைக் கொடுக்கிறான். பிறகு தானும் பெற்றுக்கொள்கிறான்.

வீடு திரும்பியதும் இழுப்பறையைத் திறந்து, பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். தம்பிக்குப் புதிதாக நாலு வரி எழுதினேன். வீட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. 'தை முடிவதற்குள் ஒரு நாள் வா, வேடந்தாங்கல் போய்விட்டு வரலாம்' என்று மட்டும்.

பதில் வந்துவிட்டது. குழந்தைகளையும் கூட்டி வருகிறானாம்.