கணிப்பொறி ஆய்வும் பொருளுதவியும்: ஒரு வரலாற்று நோக்கு

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கல்வியின் பயனைப் பற்றிப் பலரும் இம்மலரில் எழுதுவர். நாம் கல்வியின் செலவைப் பற்றி எழுத விழைகின்றோம். அதிலும், இன்று நம் இளைஞர்கள் பெரிதும் நாடிச் செல்லும் கணிப்பொறித் துறையில், ஆய்வுக்கு யார் பொருள் தந்தனர், எப்போது தந்தனர், எப்போது நிறுத்தினர் என்னும் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவது பயனுடையது எனக் கருதுகின்றோம். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் மொழி. கணிப்பொறி என்னும் சித்திரம் எந்தச் சுவரின்மீது எழுதப்பட்டது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

தொடக்கக் காலம்

கணிப்பொறியின் தந்தை எனப் போற்றப்படும் சார்லஸ் பாபேஜ் இங்கிலாந்து நாட்டவர். கணித அட்டவணைகளைப் பிழையின்றித் தயாரிக்கும் பொறியொன்றை அமைக்க அவர் முயன்றார். அதற்கு ஆங்கில அரசு 1823ஆம் ஆண்டில் பொருளுதவி செய்யத் தொடங்கியது. வேலை நீண்டது, செலவு பெருகியது, பாபேஜும் இடையில் அதனினும் சிறந்த வேறொரு பொறியைப் பற்றிச் சிந்திக்கலானார். ஏறத்தாழ 17,000 பவுன் செலவிட்ட பின்னர், 1842ஆம் ஆண்டில் அரசு தன் உதவியை முற்றிலும் நிறுத்திக்கொண்டது. பொறி முற்றுப்பெறவில்லை. கருத்தில் நிறைவெய்திய ஒன்று, கையில் நிறைவெய்தவில்லை. மின்னணுக் கணிப்பொறி பிறக்க உலகம் மேலும் ஒரு நூற்றாண்டுக் காலம் காத்திருக்க நேர்ந்தது.

அந்தக் காத்திருப்பை முடித்துவைத்தது போர். இரண்டாம் உலகப் போரின்போது பீரங்கிக் குண்டுகள் செல்லும் பாதையைக் கணக்கிட அமெரிக்கப் படைத்துறைக்கு விரைவான பொறி தேவைப்பட்டது. 1943ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துடன் அது ஒப்பந்தம் செய்துகொண்டது. ஜான் மாக்லி, பிரெஸ்பர் எக்கர்ட் ஆகிய இருவர் தலைமையில் உருவான 'எனியாக்' என்னும் அப்பொறி, 1946 பிப்ரவரியில் மக்கள் முன் காட்டப்பட்டது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள், 30 டன் எடை, நான்கு இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட செலவு! எந்தத் தனி மனிதரும் எந்தக் கல்லூரியும் தாங்க இயலாத இச்செலவை ஒரு நாட்டின் கருவூலம் தாங்கியது.

இங்கு ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. அப்பொறிக்குக் கணக்குகளைப் பகுத்து, கம்பிகளை இணைத்து, அதனை இயங்கச் செய்தவர்கள் ஆறு பெண்கள். விழாவில் அவர்கள் பெயர் கூறப்படவில்லை. பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே அவர்களுக்குரிய சிறப்பு கிடைத்தது. உழைத்தவர் பெயர் மறைவதும், உடன் நின்றவர் பெயர் நிலைப்பதும் நம்மவர்க்குப் புதியன அல்ல.

அரசின் துணையும் அதன் ஏற்ற இறக்கமும்

போர் முடிந்தபின் அமெரிக்க அரசு ஆய்வுக்குப் பொருள் தருவதை ஒரு நிலையான கொள்கையாக்கியது. 1950ஆம் ஆண்டில் தேசிய அறிவியல் நிறுவனம் அமைக்கப்பட்டது. 1957 அக்டோபரில் சோவியத் நாடு ஸ்புட்னிக் கோளை விண்ணில் ஏவியது. அதன் எதிரொலியாக 1958ஆம் ஆண்டில் 'ஆர்ப்பா' என்னும் உயர் ஆய்வு நிறுவனத்தை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தோற்றுவித்தது. அதன் கணிப்பொறிப் பிரிவுக்கு 1962ஆம் ஆண்டில் லிக்லைடர் என்னும் உளவியல் அறிஞர் பொறுப்பேற்றார். அவர் பொருளைச் சிறுசிறு கூறுகளாகப் பலருக்கும் பகிர்ந்தளிக்கவில்லை. தேர்ந்தெடுத்த சில பல்கலைக்கழகங்களுக்குப் பெருந்தொகையைப் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து அளித்தார். 1963ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு மட்டும் ஏறத்தாழ 20 இலட்சம் டாலர் வழங்கப்பட்டது. ஒரு பொறியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் முறை அவ்வாறு வளர்ந்தது. 1969 அக்டோபர் 29ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்குச் சென்ற முதற்செய்தி இரண்டு எழுத்துகளோடு நின்றுபோயிற்று. எனினும் இன்றைய இணையத்தின் வித்து அந்த இரண்டு எழுத்துகளே.

ஆனால் கொடுத்த கை எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்கவில்லை. படைத்துறைக்கு நேரடித் தொடர்பில்லாத ஆய்வுக்கு அத்துறையின் பணம் செல்லலாகாது என்று 1969ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்டமன்றம் வரம்பு விதித்தது. இங்கிலாந்தில் 1973ஆம் ஆண்டு வெளியான லைட்ஹில் அறிக்கை, செயற்கை அறிவு ஆய்வு எதிர்பார்த்த பயனைத் தரவில்லை எனக் கூறவே, அத்துறைக்குரிய உதவி பெரிதும் குறைந்தது. பின்னர் 1982ஆம் ஆண்டில் ஜப்பான் நாடு ஐந்தாந் தலைமுறைக் கணிப்பொறித் திட்டத்தைத் தொடங்கியதும், அதே இங்கிலாந்து விழித்தெழுந்து 1983ஆம் ஆண்டில் 35 கோடிப் பவுன் மதிப்பில் 'ஆல்வி' திட்டத்தை வகுத்தது. பத்தாண்டுகளில் ஒரு நாட்டின் மனம் இவ்வாறு மாறிற்று. இடைப்பட்ட காலத்தில் துறையை விட்டு அகன்ற இளம் ஆய்வாளர்களின் இழப்பை எந்தக் கணக்கும் காட்டுவதில்லை.

சிறு தொகையும் உரிய வேளையில் கிடைப்பின் பெரும்பயன் தரும் என்பதற்கும் சான்றுண்டு. அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனம் முதலியவற்றின் உதவியோடு 1994ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டில் மின்னூலக ஆய்வு தொடங்கிற்று. அதில் உதவி பெற்ற மாணவர் லாரி பேஜ். அவருடைய தோழர் செர்கே பிரின் அந்நிறுவனத்தின் உதவித்தொகையில் பயின்றவர். அவ்விருவர் ஆய்விலிருந்தே கூகுள் தோன்றியது.

நம் நாட்டில்

நம் நாட்டில் கணிப்பொறியின் கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. பேராசிரியர் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம், ஐந்தாண்டுத் திட்டக் கணக்குகளின் தேவை கருதி, இங்கிலாந்திலிருந்து ஒரு சிறு கணிப்பொறியை 1955ஆம் ஆண்டில் வரவழைத்தது. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், அறிஞர் ஹோமி பாபாவின் முயற்சியால், ஓர் அறக்கட்டளையின் உதவியோடு 1945ஆம் ஆண்டில் பிறந்தது. பின்னர் நடுவண் அரசின் ஆதரவில் வளர்ந்தது. அங்கே, சென்னையில் பொறியியல் பயின்ற ஆர். நரசிம்மன் தலைமையில் இளைஞர் சிலர் தம் கையாலேயே ஒரு கணிப்பொறியை உருவாக்கினர். 1960ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அதற்கு 'டிஃப்ராக்' என்று பின்னர்ப் பெயரிடப்பட்டது. அதன் நினைவகத்தில் 2,048 சொற்களே அடங்கும். இன்று பள்ளி மாணவர் கையிலுள்ள கணக்கிடு கருவியோடு ஒப்பிடின் அது எளியதே. ஆயினும் செய்து கற்றவர்களை அது நாட்டுக்குத் தந்தது.

கான்பூர்த் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1963ஆம் ஆண்டில் அமெரிக்க உதவியால் கணிப்பொறி வந்தது. மேற்கு ஜெர்மனியின் துணையோடு 1959ஆம் ஆண்டில் தோன்றிய சென்னைத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1973ஆம் ஆண்டில் பெரியதொரு கணிப்பொறி வந்து சேர்ந்தது. 1986ஆம் ஆண்டில் கல்வி நிறுவனங்களை இணைக்கும் வலையமைப்பு ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தொடங்கிற்று. அதே காலத்தில் மீத்திறன் கணிப்பொறியை அயல்நாட்டிலிருந்து பெறுவதில் தடைகள் தோன்றவே, 1988ஆம் ஆண்டில் புனேயில் 'சி-டாக்' நிறுவப்பட்டது. ஏறத்தாழ 30 கோடி ரூபாயும் மூன்றாண்டுக் காலமும் அதற்கு அளிக்கப்பட்டன. 1991ஆம் ஆண்டில் 'பரம் 8000' உருவாயிற்று. தொகையும் காலமும் முன்கூட்டியே உறுதி செய்யப்பட்டமை இவ்வெற்றிக்குக் காரணங்களுள் ஒன்றெனல் மிகையன்று.

அண்மைக் காலத்தில் தொகைகள் பெருகியுள்ளன. 2015ஆம் ஆண்டில் 4,500 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய மீத்திறன் கணிப்பொறி இயக்கமும், 2023ஆம் ஆண்டில் 6,000 கோடிக்கு மேற்பட்ட மதிப்பில் குவாண்டம் இயக்கமும், 2024ஆம் ஆண்டில் 10,300 கோடிக்கு மேற்பட்ட மதிப்பில் செயற்கை அறிவு இயக்கமும் நடுவண் அரசின் ஒப்புதல் பெற்றன. சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் 'சக்தி' என்னும் நுண்செயலி 2018ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. அங்கேயே இந்திய மொழிகளுக்கான செயற்கை அறிவு ஆய்வுக்கு 2022ஆம் ஆண்டில் ஒரு கொடையாளர் குடும்பம் 36 கோடி ரூபாய் வழங்கியது. தமிழறிந்த கணிப்பொறி ஆய்வாளருக்கு இன்று வேலை உண்டு.

நம் பங்கு யாது?

இத்துணைப் பொருளும் யார் கைவழிச் செல்கிறது என்று வினவுதல் குற்றமன்று. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செய்தித்தாள்கள் எடுத்துக்காட்டிய அரசுக் கணக்கின்படி, 23 இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் இருந்த 6,043 ஆசிரியருள் பட்டியல் சாதியினர் 149 பேர். பழங்குடியினர் 21 பேர். நூற்றுக்கு மூவர்கூட இல்லை. ஆய்வுத் திட்டம் எழுதிப் பொருள் கேட்கும் இடத்தில் இருப்பவர் ஆசிரியர். அவ்விடத்தில் நம்மவர் இல்லையெனில், எந்த ஆய்வு தேவை என்று சொல்லும் குரலும் நமக்கு இல்லை. கழிவுநீர்த் தொட்டியில் மனிதன் இறங்காதிருக்க ஒரு பொறி வேண்டும் என்பதை நம்மினும் அழுத்தமாக யார் கூற வல்லார்?

நம் பிள்ளைகளுக்கு அறிவில் குறைவில்லை, ஊக்கத்திலும் குறைவில்லை. பட்டம் பெற்ற மறு மாதமே வீட்டுக் கடன் அவர்களை வேலைக்கு அழைக்கிறது. ஐந்தாண்டுக் காலம் ஆய்வில் அமர்வதற்குரிய பொறுமை, வயிறு நிறைந்த வீட்டில் எளிதில் வாய்க்கும். பிற வீடுகளில் அதற்குத் துணை வேண்டும்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வே இதற்குச் சான்று. பரோடா மன்னர் மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு அளித்த உதவியால் 1913ஆம் ஆண்டில் அவர் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் இலண்டனில் பயிலும்போது அவ்வுதவியின் காலம் முடிந்தமையால், 1917ஆம் ஆண்டில் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. தம் சேமிப்பும், கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசரின் உதவியும், நண்பர் ஒருவரின் கடனும் கைகொடுக்க, 1920ஆம் ஆண்டில் மீண்டும் சென்று 1923ஆம் ஆண்டில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். மூன்றாண்டுகள் பறிபோனமைக்கு அறிவுக்குறை காரணமன்று. பணம் நின்றமையே காரணம்.

நாம் அறிந்த இளைஞர் ஒருவருக்கும் இதுவே நேர்ந்தது. கணிப்பொறி இயலில் முதுகலை முடித்து, தகுதித் தேர்விலும் வென்று, ஆய்வில் சேர்ந்தார். உதவித்தொகை வழங்க வேண்டிய அலுவலகத்திலிருந்து பதினொரு மாதங்கள் பணம் வரவில்லை. விடுதிக் கட்டணம் நிலுவையாயிற்று. தந்தை நோயுற்றார். இளைஞர் ஆய்வைக் கைவிட்டு ஒரு தனியார் நிறுவனத்தில் எழுத்தர் வேலைக்குச் சென்றார். அவர் சென்ற மூன்றாம் மாதம் தொகை முழுவதும் ஒப்பளிக்கப்பட்டது.

இன்றுள்ள வழிகள்

பட்டியல் சாதி மாணவர்க்கான மேற்கல்வி உதவித்தொகை 1944ஆம் ஆண்டிலும், வெளிநாட்டுக் கல்விக்கான உதவித்தொகை 1954-55ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. முனைவர் பட்ட ஆய்வுக்கென ஒரு தேசிய உதவித்தொகை 2005-06ஆம் ஆண்டில் பிறந்தது. ஆண்டுதோறும் 2,000 பேர்வரை புதிதாகத் தேர்ந்தெடுக்க அதில் இடமுண்டு. தேசியத் தகுதித் தேர்வே அதற்கு வாயில். அத்தேர்வில் கணிப்பொறி இயலும் ஒரு பாடம். இளநிலை ஆய்வாளருக்குரிய மாதத் தொகை 2023 ஜனவரி முதல் 37,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது. 'கேட்' தேர்வில் தேர்ச்சி பெற்று முதுநிலைப் பொறியியலில் சேர்வோர்க்கு மாதம் 12,400 ரூபாய் உண்டு. அத்தேர்வைப் பொறியியல் படித்தோர் மட்டுமன்றி, அறிவியல் பட்டதாரிகளும் எழுதலாம்; மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும்; நம்மவர்க்குக் கட்டணமும் பாதியே. மின்னணு, தகவல் தொழில்நுட்ப ஆய்வுக்கென 2014ஆம் ஆண்டில் விசுவேசுவரய்யா பெயரால் ஒரு திட்டமும், 2018ஆம் ஆண்டில் பிரதமர் பெயரால் உயர் உதவித்தொகைத் திட்டமும் தொடங்கப்பெற்றன. கல்லூரியில் பயிலும்போதே கோடை விடுமுறையில் ஆய்வுக்கூடங்களில் பயிற்சி பெற அறிவியல் கழகங்கள் மூன்று இணைந்து ஆண்டுதோறும் இடம் தருகின்றன. இவற்றின் அறிவிப்பு வெளியாகும் நாளையும், வேண்டப்படும் சான்றிதழ்களையும் முன்கூட்டியே அறிந்திராமையால் இழப்போரே மிகுதி.

கழகம் செய்யத்தக்கது

இவ்வரலாறு நமக்குக் கூறும் உண்மை எளியது. பொருள் வேண்டும், அது தொடர்ந்து வரவேண்டும், உரிய காலத்தில் வரவேண்டும். பாபேஜின் பொறியும், 1973ஆம் ஆண்டின் ஆய்வுகளும், அண்ணலின் இலண்டன் படிப்பும், நம் இளைஞரின் ஆய்வும் தடைப்பட்டது ஒரே காரணத்தால்.

அரசின் கருவூலத்துக்கு நாம் ஈடாக முடியாது. ஆனால் அந்தப் பதினொரு மாத இடைவெளியைக் கடத்திவிட நம்மால் முடியும். எனவே, வெள்ளி விழாவின் நினைவாக நம் கழகம் ஒரு சுழல்நிதியை ஏற்படுத்த வேண்டும் என முன்மொழிகின்றோம். பணியிலுள்ள நம் ஆசிரியர், அலுவலர், தொழிலாளர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு நாள் ஊதியம் அளிப்பின் அது போதும். உதவித்தொகை உறுதியாகியும் கைக்கு வராத ஆய்வு மாணவர்க்கு அந்நிதியிலிருந்து வட்டியின்றி மாதந்தோறும் கொடுத்து, தொகை வந்தபின் திரும்பப் பெற்று, அடுத்தவர்க்கு வழங்கலாம். அதனுடன், கழக அலுவலகத்தில் ஒருவர் இவ்வறிவிப்புகளைத் திரட்டி, சுற்றுவட்டாரக் கல்லூரி விடுதிகளுக்கு ஆண்டுக்கு நான்கு முறை அனுப்பி வைக்கலாம்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதே கழகத்தின் நோக்கமாக இருந்தது. அந்நோக்கம் பெரிதும் நிறைவேறிற்று. கற்றுக்கொள்ளும் இடத்திலிருந்து கண்டுபிடிக்கும் இடத்துக்கு அவர்களை நகர்த்துதல் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் நோக்கமாகட்டும். பொன்விழா மலரில் நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் தம் ஆய்வைப் பற்றி எழுதும் கட்டுரை இடம்பெற, இன்றே நிதிக்கு முதல் தொகையை எழுதுவோமாக.